கால் பார்க்கும் அறை

ஷிரோமி நின்றுகொண்டு தேநீர் குடிப்பவள். வீட்டிலும் அப்படித்தான், வேலையிலும் அப்படித்தான். மன்னாரில் இருந்து பாரிசுக்கு வந்து இருபது வருடமாகிறது. இந்த இருபது வருடத்தில் அவள் ஒரு கதிரையில் முழுதாகச் சாய்ந்து இருந்ததை மகள் மெலிசாவே கண்டதில்லை. கடந்த நான்கு வருடமாக லா சப்பல் மெத்ரோவுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய தெருவில், ஒரு சங்கம் நடத்தும் சுகாதார நிலையத்தில் வேலை. வைத்தியருக்கும் தமிழ்ச் சனத்துக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. வைத்தியர் பிரெஞ்சில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி தமிழில் சொல்லாமல் விடுவதையும் எப்படியாவது பிரெஞ்சில் சொல்லிவிட வேண்டும்.

நிலையத்தின் பொறுப்பாளர் மரியான். பெற்றோர் புதுச்சேரிக்காரர். தமிழும் பிரெஞ்சும் ஒரே மூச்சில் கலந்து வரும் அவருக்கு. சித்திரை மாதத்தில் ஒருநாள் காலையில் ஷிரோமியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்க ஷிரோமி."

"பரவாயில்லை, சொல்லுங்கோ."

"நம்மகிட்ட வர்ற தமிழ் ஆளுங்க ஜுரம்னா வர்றாங்க, மருந்து எழுதிக்கிட்டுப் போயிடறாங்க. யாரும் நம்ம டாக்டரைத் தன்னோட டாக்டர்னு கையெழுத்துப் போட்டுப் பதியலை. பதிஞ்சா ஒவ்வொரு ஆளுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்தோட செக்யூ காப்புறுதி நமக்கு ஒரு தொகை குடுக்கும். டாக்டர் பார்க்கற ஒவ்வொரு கொன்சுல்த்தாசியோனுக்கும் திரும்பி வர்ற காசு தனி. ரெண்டையும் சேர்த்து வச்சா, நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்களே அந்தக் கால் அறை, அதை செப்தாம்பர்ல திறக்கலாம்."

ஷிரோமி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். கால் அறை அவளுடைய யோசனை. ரூ லூயி-பிளாங் தெருவின் சாப்பாட்டுக்கடைச் சமையலறைகளில் காலை தொடங்கி இரவு வரை நின்று வேலை செய்யும் ஆண்கள் நிலையத்துக்கு வருவார்கள். பாதிப் பேருக்கு நீரிழிவு. டொக்டர் தியரி சப்பாத்தைக் கழற்றச் சொன்னால், "அடுத்தமுறை பாப்பம்" என்று சொல்லச் சொல்லி ஷிரோமியைப் பார்ப்பார்கள். ஊத்தைக் காலை ஒரு வெள்ளைக்கார டொக்டரின் முன் நீட்ட வெட்கம். அந்தக் கால்களுக்கென்று ஓர் அறை வேண்டும், அவசரப்படுத்தாத ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே பதிவுப் பத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நகைக்கடை, சேலைக்கடை, தொலைபேசிக் கடை, பயண முகவர் என்று ஒவ்வொரு கதவாகத் தள்ளினாள்.

"கார்த் வித்தாலை ஏன் கேக்கிறியள்?" என்று எல்லோரும் கேட்டார்கள். பச்சை நிறத்து அந்தக் காப்புறுதி அட்டையைச் சிலர் கடவுச்சீட்டோடு சேர்த்து வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். நகைக்கடைக்காரர், "பிறகு எனக்கு வரி கூடுமோ?" என்று கேட்டார். சேலைக்கடைப் பெண் சிரித்துக்கொண்டே பத்திரத்தை வாங்கி மடித்துக் கல்லாப்பெட்டிக்குக் கீழே சொருகினாள். இரண்டு வாரம் நடந்தும் ஷிரோமியின் பையில் இருந்தவை பெரும்பாலும் வெற்றுப் பத்திரங்களாகவே இருந்தன.

அப்போதுதான் நீக்கிலாஸிடம் போனாள். லூயி-பிளாங் தெருவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையின் முன் கண்ணாடிக்குப் பின்னால் கொத்துரொட்டித் தட்டின் முன் நிற்பவர். அவர் தட்டுகிற சத்தத்தை வைத்தே கடை திறந்துவிட்டதென்று தெருவுக்குத் தெரியும். பிற்பகல் சனம் குறைந்த நேரத்தில் பின்கதவுப் படியில் ஒரு எண்ணெய் டின்னின் மேல் இருந்து சிகரெட் பற்றவைப்பார்.

"நான் கார்டைத் தந்தால் உங்களுக்கு என்ன வரும் தங்கச்சி? உண்மையைச் சொல்லுங்கோ."

ஷிரோமி உண்மையைச் சொன்னாள். "நீங்கள் வந்து கார்டைப் போட்டால் உங்களுக்குக் கைக்காசு செலவில்லை அண்ணை. அந்தக் காசைச் செக்யூ சென்ரருக்குத் திருப்பிக் குடுக்கும். எங்கட டொக்டருக்கு மாசச் சம்பளம், எத்தினை பேரைப் பாத்தாலும் அதுதான். மிஞ்சிறதிலைதான் என்ர சம்பளம், மற்ற வேலை எல்லாம்."

"அப்ப எங்கட வருத்தத்திலை உங்கட அடுப்பு எரியுது."

"ஓம். எங்கட பசியிலை உங்கட அடுப்பு எரியேல்லையோ?"

நீக்கிலாஸ் புகை சிக்கிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் ஈரம் காயும் முன் அவள் கால் அறையைப் பற்றிச் சொன்னாள். சீனி வருத்தம் உள்ள ஆட்களுக்கு, செப்டெம்பரில் இருந்து, திங்கட்கிழமைகளில். திங்கள் அவருடைய கடைக்கு விடுமுறை என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கறுப்புச் சப்பாத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பஞ்சுக்கு மேலை நடக்கிற மாதிரிக் கிடக்கு. ஒரு வருசமா. குத்தினாலும் தெரியாது."

"அப்ப இப்பவே வாங்கோ. தியரி டொக்டர் நிக்கிறார்."

"இப்பவோ? உள்ளுக்கு றோல்ஸ் பொரியுது. டொக்டர் பத்து நிமிசத்திலை ஒரு கடுதாசியைத் தந்து அனுப்பிப் போடுவார். நீங்கள் சொல்லுற அறை திறக்கட்டும். திங்கட்கிழமை எண்டால் நான்தான் முதல் ஆள்."

அவள் இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. படியிலேயே பத்திரத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு சமையலறைக்குள் திரும்பி, "டேய், எல்லாரும் வாங்கோடா, கையெழுத்துப் போடுங்கோ, காலுக்கு நல்லது நடக்கப் போகுது" என்று கத்தினார். அன்று மாலை அந்தச் சமையலறை முழுவதும் பதிந்தது. அடுத்த கிழமை பக்கத்துக் கடை. நீக்கிலாஸே பத்திரங்களை வாங்கிக் கொத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிற சமையற்காரர்களை மறித்தார். கோடை வருவதற்குள் லூயி-பிளாங்கில் பாதி நிலையத்தில் பதிந்துவிட்டது. ஷிரோமி வெயிலில் வேகவேகமாக நடந்தாள். அவளுக்குக் கால் நிலத்தில் படாத மாதிரி இருந்தது.

செப்டெம்பர் முதல் வாரத்தில் கூட்டம். நிலையத்தின் சிறிய சமையலறை மேசையைச் சுற்றி மரியான், தியரி, ஷிரோமி. செக்யூவில் இருந்து வரும் பணம் உயர்ந்திருக்கிறது என்று மரியான் மகிழ்ச்சியாகத் தொடங்கினார். ஷிரோமி பொறுக்காமல், "அப்ப எந்தத் திங்கள் தொடங்கிறது?" என்று கேட்டாள்.

மரியான் பேனாவை மூடினார். "முதல்ல ரெண்டாவது டாக்டர் ஒருத்தரை எடுக்கறோம். ஜனவரியில வருவாங்க. கால் அறை அதுக்கப்புறம்."

"அதுக்குப் பிறகு எண்டால்?"

"அடுத்த வசந்தத்துல பார்க்கலாம். கேளுங்க ஷிரோமி. டாக்டர் உட்கார்ந்தாத்தான் செக்யூல இருந்து காசு வரும். ஒருத்தர் காலைக் கழுவிப் பார்த்து, நகம் வெட்டி, எந்தச் செருப்புப் போடணும்னு அரை மணி நேரம் சொல்லிக் குடுக்கறதுக்கு யாரும் நமக்குத் திருப்பித் தர மாட்டாங்க. போன டிசம்பர்ல உங்க சம்பளத்துக்கு நான் எந்தெந்த வாசல்ல போய் நின்னேன்னு உங்களுக்குத் தெரியாது."

"நான் சனத்துக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"தேதி குடுக்கச் சொன்னேனா?"

"நீங்கள்தான் செப்டெம்பர் எண்டு சொன்னனீங்கள்."

மரியான் பேனாவை மேசையில் வைத்தார். "சொன்னேன்" என்றார். "முடியும்னுதான் நினைச்சேன்."

இவர்கள் தமிழில் சண்டை பிடிப்பதை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த தியரிக்கு ஷிரோமி பிரெஞ்சில் விளக்கினாள். அவர் தலையைச் சொறிந்தார். காலில் உணர்ச்சி போய், அதோடு வேறு கோளாறும் சேர்ந்து, கால் ஆபத்தில் இருக்கிறதென்று வைத்தியர் எழுதினால்தான் பாதவைத்தியருக்குச் செக்யூ பணம் கொடுக்கும், அந்த நிலைக்குப் போகாத காலுக்குக் கொடுக்காது என்றார். "கெட்டுப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள்" என்று ஷிரோமி சொன்னாள்.

மரியான் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதுதான் அவளை வதைத்தது. பிழையென்றால் சண்டை போட்டு மேசையில் தட்டலாம். இரண்டாவது டொக்டர் வேண்டும்தான். காத்திருக்கும் அறையில் சனம் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. ஆனால் தெருவில் சொன்ன சொல்?

அன்றிலிருந்து அவள் லூயி-பிளாங் பக்கம் போகவில்லை. மெத்ரோவில் இருந்து பின்தெருக்களால் சுற்றி நிலையத்துக்கு வந்தாள். அப்படியும் பிடிபட்டாள். மரக்கறிக்கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குரல்: "அக்கா, கால் அறை எப்ப?" அவள் திரும்பாமலே, "வரும், வரும், அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயை வாங்காமலே வெளியேறினாள்.

ஒக்டோபரில் நீக்கிலாஸ் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, திங்கள் எத்தினை போச்சு. நான் லீவு நாளிலை வீட்டிலை சும்மா இருக்கிறன்."

இல்லை, இந்த வருடம் இல்லை, நீங்கள் இப்போதே டொக்டரிடம் வாங்கோ என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த பத்திரங்கள் நினைவுக்கு வந்தன; அவரை நம்பிக் கையெழுத்துப் போட்ட பெடியன்கள் நினைவுக்கு வந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. சின்னச் சுணக்கம்" என்றாள்.

"சரி, நீங்கள் சொன்னால் சரி."

அந்த இரவு அவள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே யன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்தாள். "அம்மா, ஒரு நிமிஷம் இரு. எனக்குத் தலை சுற்றுகிறது" என்று மெலிசா பிரெஞ்சில் சொன்னாள்.

நவம்பர் நடுவில், மழை பெய்த ஒரு வியாழக்கிழமை, தியரி எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்று ஷிரோமியைக் கடைக்கு அனுப்பினார். வேறு வழியில்லாமல் லூயி-பிளாங்குக்குப் போனாள். கொத்துத் தட்டின் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. ஆனால் அது அவருடைய தாளமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு பெடியன் நின்றான்.

"நீக்கிலாஸ் அண்ணை எங்கை?"

"காய்ச்சலாம் அக்கா. நாலஞ்சு நாளா வரேல்லை. கால் வீங்கியிருக்கெண்டு சொன்னவர். பொரிக்கேக்கை எண்ணெய் சப்பாத்துக்குள்ளை போயிட்டுது. அவருக்கு அது தெரியவே இல்லை. பின்னேரம் சப்பாத்தைக் கழட்டேக்கைதான் கண்டவர். அது நடந்து ரெண்டு கிழமை வரும்."

அவள் சாப்பாடு வாங்க வந்ததை மறந்து வெளியே வந்தாள். மழைக்குள் நின்றே அவருடைய தொலைபேசிக்கு அழைத்தாள். மனைவி சிசிலியா எடுத்தார்.

"அவர் நித்திரை. ஒண்டுமில்லை, சாதாரண காய்ச்சல். பனடோல் குடுத்தனான்."

"கால் எப்படி அக்கா?"

"மருந்து பூசிக் கட்டியிருக்கிறம்" என்றுவிட்டுச் சிசிலியா வைத்துவிட்டார்.

ஷிரோமி நிலையத்துக்குத் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு நோயாளி அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. "நான் கார்ஜுக்கு, நீக்கிலாஸ் அண்ணையின்ர வீட்டுக்குப் போறன்" என்று வரவேற்பில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு நடந்தாள், பிறகு ஓடினாள். கார் து நோர் ரயில் நிலையத்தில் கீழே இறங்கி ஆர்.ஈ.ஆர். டி வண்டியைப் பிடித்தாள். வண்டியில் இடம் இருந்தும் கதவோடு நின்றாள். சென் தெனியில் வண்டி ஏனோ தாமதித்தபோது கண்ணாடியில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்றவர் தள்ளிப்போய் நின்றார்.

கார்ஜில் அவர்களுடைய கட்டடத்தின் மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியேறி மூச்சிரைக்கக் கதவைத் தட்டினாள். சிசிலியா கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். அந்தக் கொஞ்சத்துக்குள்ளாலேயே மணம் வந்தது. மஞ்சளும் டெற்றோலும், அவற்றுக்குக் கீழே வேறொன்றும்.

நீக்கிலாஸ் கூடத்தில் சோபாவில் படுத்திருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. அவளைக் கண்டதும் எழும்ப முயன்றார்.

"வாங்கோ தங்கச்சி. அறை திறந்தாச்சோ?"

அவள் போர்வையை விலக்கினாள். வலது கால் கணுக்கால் வரை வீங்கிப் பளபளத்தது. கட்டை அவிழ்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. சிவப்பு முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"நோகேல்லை" என்றார் நீக்கிலாஸ், அவளைத் தேற்றுவது போல. "வடிவாப் பாருங்கோ, நோவே இல்லை."

"ஏன் அண்ணை ஒருத்தரிட்டையும் போகேல்லை?"

"திங்கட்கிழமைக்குப் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள்தானே பொறுக்கச் சொன்னனீங்கள்."

அவள் அவசர உதவிக்குப் பதினைந்தாம் இலக்கத்துக்கு அழைத்தாள். அம்புலன்ஸ் என்று கேட்டதும் நீக்கிலாஸ் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வரமாட்டன். அங்கை போனால் காலை எடுத்துப் போடுவினம்."

ஷிரோமி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"அறை திறக்கேல்லை அண்ணை" என்றாள். "இந்த வருசம் திறக்கிறேல்லை எண்டு செப்டெம்பரிலையே முடிவாப் போச்சு. நீங்கள் கேக்கேக்கை நான் பொய் சொன்னனான். அதாலை இனி என்ர சொல்லை நம்பாதேங்கோ. காய்ச்சலை நம்புங்கோ. இந்தச் சிவப்பை நம்புங்கோ. இண்டைக்குப் போகாட்டில் கால் மட்டும் போகாது."

நீக்கிலாஸ் சோபாவின் கையை விட்டார். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சிசிலியாவிடம், "என்ர கார்டை எடு" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவமனையில் இரவு முழுவதும் மருந்து ஏற்றினார்கள். அடுத்த நாள் சத்திரசிகிச்சை. ஷிரோமியும் சிசிலியாவும் ஒரு நீண்ட நடைக்கூடத்தில் காத்திருந்தார்கள். சிசிலியா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஷிரோமி சாமான் விற்கிற இயந்திரம் வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தாள்.

"இருங்கோ" என்றார் சிசிலியா. அவள் இருந்தாள். "நீங்கள் ஒண்டும் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் இஞ்சை கிட்டடியிலை ஆரையும் போய்ப் பாத்திருப்பார். நான் எத்தினை தரம் சொன்னனான். இல்லை, ஷிரோமி சொன்னவ, ஷிரோமி சொன்னவ எண்டு."

ஷிரோமி தலை குனிந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சிசிலியா திரும்பவும் செபமாலைக்குள் போய்விட்டார்.

வைத்தியர் வந்து, இரண்டு விரல்களை எடுத்தாயிற்று, பாதம் தப்பிவிட்டது, இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் வேறு கதை என்றார். ஷிரோமி அதைத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மறுநாள் காலை மரியானின் அறைக்குள் தட்டாமல் நுழைந்து நடந்ததைச் சொன்னாள். மரியானின் முகம் வெளுத்தது.

"நான் அவரைப் போய்ப் பார்க்கறேன்" என்றார்.

"அவரைப் பிறகு பாக்கலாம். முதல்லை என்னோடை தெருவுக்கு வாங்கோ. இண்டைக்கே. ஒவ்வொரு கடையாச் சொல்லுவம், அறை இல்லை எண்டு. இன்னும் எத்தினை பேர் திங்கட்கிழமைக்குக் காத்துக்கொண்டிருக்கினமோ தெரியாது."

"பேரை எடுத்துடுவாங்க ஷிரோமி. பாதிப் பேர் போயிடுவாங்க. புது டாக்டருக்குக் காகிதம் கையெழுத்தாயிடுச்சு."

"போகட்டும்."

மரியான் எழுந்து மேலங்கியை எடுத்தார்.

அன்று அந்தத் தெருவில் மரியான் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. சாப்பாட்டுக்கடை முதலாளி, "எங்கட கார்டிலை டொக்டர் பிடிச்சீங்கள், எங்கட ஆளின்ரை விரல் போச்சு" என்று வாடிக்கையாளர்களுக்கு முன்னால் கத்தினார். அவரும் அவருடைய ஆட்களும் பெயரை எடுக்கப்போவதாகச் சொன்னார். நகைக்கடைக்காரர் பேசாமல் கதவைத் திறந்து பிடித்தார். வெளியே போங்கள் என்பதுதான் அதன் பொருள். சேலைக்கடைப் பெண் மட்டும், "அப்ப எப்பதான் திறப்பியள்?" என்று கேட்டாள்.

"தெரியலைங்க" என்றார் மரியான். "தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் காலுல ஏதாவது இருந்தா காத்திருக்காதீங்க. எந்த டாக்டர்னாலும் சரி, போயிடுங்க."

திரும்பும்போது மெத்ரோப் பாலத்துக்குக் கீழே மரியான் நின்றுவிட்டார். மேலே வண்டி ஓடி முடியும் வரை காத்திருந்து, "நான் சொன்னது தப்பில்லைன்னு இன்னும் நினைக்கறேன். ஆனா தூக்கம் வராது" என்றார். ஷிரோமிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

வழியைக் கண்டுபிடித்தவர் தியரி. புது டொக்டர் ஜனவரியில் வந்ததும் தனக்குத் திங்கள் பிற்பகல் கிடைக்கும், அந்த நேரத்தில் நீரிழிவுக்காரரை மட்டும் பார்க்கிறேன் என்றார். வருகிற எல்லோரும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், விதிவிலக்கு இல்லை. அது முறையான வைத்தியச் சோதனை என்பதால் செக்யூ அதற்குப் பணம் திருப்பும். ஆபத்தான காலைக் கண்டால் அவர் எழுதிக் கொடுப்பார். பாதவைத்தியருக்குச் செக்யூவில் இருந்தே பணம் வரும். ஆபத்துக்குப் போகாத கால்களையும் பக்கத்து அறையில் அதே பாதவைத்தியர் பார்க்க, அந்தப் பிற்பகலில் சேரும் பணம் உதவும். மரியான் கணக்குப் போட்டுப் பார்த்தார், அழித்தார், திரும்பப் போட்டார்.

"மாசத்துக்கு ரெண்டு திங்கள்" என்றார் கடைசியில். "அதுக்கு மேல தாங்காது. ஷிரோமி, ரெண்டுன்னா ரெண்டுன்னே சொல்லுங்க."

இரண்டாவது டொக்டர் இல்லாமல் தியரிக்குத் திங்கள் கிடைத்திருக்காது. ஷிரோமிக்கு அது விளங்கியது. விளங்கியதால் நெஞ்சில் கிடந்தது இறங்கவில்லை.

மார்கழியில் நீக்கிலாஸுக்கு அழைத்துச் சொன்னாள். "நல்லது தங்கச்சி. பெடியளைப் போகச் சொல்லுறன். நான் பேரை மாத்திப்போட்டன். இஞ்சை கார்ஜிலை ஒரு டொக்டர் இருக்கிறார்." குரலில் கோபம் இல்லை. முன்பு அதில் இருந்த சிரிப்பும் இல்லை.

ஜனவரியில் முதல் திங்கட்கிழமை பனித்தூறல். ஷிரோமி கதிரைகளை ஒழுங்குபடுத்தினாள், திரும்பக் கலைத்தாள், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மரியான் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். பிறகு ஒருவர் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். நீக்கிலாஸோடு வேலை செய்த பெடியன்கள். பெயரை எடுத்துவிட்டுத் திரும்பப் பதிய வந்திருந்தார்கள். மூவரும் இதற்கென்றே புதுக் காலுறை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒருவனுடையதில் கடையின் நூல் இன்னும் தொங்கியது. ஷிரோமி அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

நான்கு மணியளவில் கதவு திறந்தது. சிசிலியா. தனியாக, குடையை உதறிக்கொண்டு.

ஷிரோமி ஓடிப்போனாள். "அக்கா, அண்ணைக்கு என்ன?"

"அவருக்கு ஒண்டுமில்லை. மெல்ல நடக்கிறார்." சிசிலியா குடையை மூலையில் வைத்தார். "நான் எனக்குத்தான் வந்தனான். எனக்கும் சீனி. எட்டு வருசமா."

கார்ஜ் வீட்டிலும், அந்த மருத்துவமனை இரவு முழுவதும் அருகருகே இருந்தபோதும் ஷிரோமி இந்த மனிசியிடம், உங்களுக்கும் சீனி இருக்கோ என்று கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றக்கூட இல்லை.

உள்ளே சிசிலியா காலுறையைக் கழற்றினார். தியரி குனிந்து விரல்களுக்கு நடுவே பார்த்தார். சின்ன விரலுக்குக் கீழே ஒரு வெடிப்பு, உள்ளே ஈரமாக. எவ்வளவு நாளாக இருக்கிறதென்று கேட்டார். ஷிரோமி தமிழில் கேட்டாள்.

"தெரியாது."

"நொந்ததோ?"

"இல்லை."

தியரி பாதவைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு அவர் நிமிர்ந்து, இது ஆறிவிடும், நேரத்தோடு வந்திருக்கிறீர்கள் என்றார். ஷிரோமி அதை மொழிபெயர்த்தாள். சிசிலியா தலையை மட்டும் அசைத்தார். கண்கள் ஷிரோமியின் பக்கம் வரவில்லை.

மருந்து வைத்துக் கட்டி முடிந்ததும் சிசிலியா காலுறையைக் கவனமாக ஏற்றினார். கதவருகில் வந்தபோது நின்றார்.

"இதை அவருக்குச் சொல்லாதேங்கோ. இப்பதான் இரவிலை கொஞ்சம் நித்திரை கொள்ளுறார்."

"சொல்லமாட்டன் அக்கா."

"நான் உங்களிட்டை வரேல்லை" என்றார் சிசிலியா. "அறைக்குத்தான் வந்தனான். வாற தரமும் வருவன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஷிரோமி கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே இருந்து தியரி அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காத்திருக்கும் அறையில் ஒரு சமையற்காரர் சப்பாத்தின் நூலை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் போனாள்.